விலகிப் போகக்கூடியவர்களின் தும்மல்

1819 மார்ச் 16 அன்று லண்டனில் மருத்துவர்கள் கூடிய ஒரு சங்கத்தில் ஜோன் பொஸ்ரொக் என்பவர் ஒரு நோயாளியின் கதையை வாசித்தார். நோயாளியின் பெயர் ஜே.பி., வயது 46. எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்குக் கண் கடித்துச் சிவக்கும். பிறகு அடுக்குத் தும்மல், மூக்கால் தண்ணி, மூச்சு முட்டல். அந்த ஜே.பி. வேறு ஆருமில்லை, வாசித்துக்கொண்டிருந்த ஆள்தான்.

இரத்தம் குத்தி எடுத்துப் பார்த்தார், அபின் எடுத்துப் பார்த்தார். ஒண்டும் சரிவரவில்லை. கோடை வெக்கைதான் காரணம் என்று நம்பினார். ஊர்ச்சனமோ காயப்போட்ட புல்லின் வாசம் என்றது. 'ஹே ஃபீவர்' என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் குற்றவாளி காய்ந்த புல்லுமில்லை, காய்ச்சலும் வாறதில்லை. பொஸ்ரொக்குக்குச் சுகம் தந்தது ஒண்டே ஒண்டு: றாம்ஸ்கேற் கடற்கரையில், பாறை விளிம்பில் ஒரு வீடு. காரணம் பிழை, வைத்தியம் சரி. கடலிலிருந்து வரும் காற்றில் புல்லின் மகரந்தம் குறைவு.

1828இல் அவர் இன்னும் 28 பேரைத் தேடிப் பிடித்திருந்தார். எல்லாரும் நடுத்தர, மேல்தட்டு ஆக்கள். ஏழைகளிடம் இந்த நோயைக் காணவேயில்லை என்று எழுதினார். ஏழைகள் டொக்டரிடம் போய்த் தும்மலைப் பற்றிச் சொல்லியிருப்பார்களா என்பது எங்கட கேள்வி.

மகரந்தத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மான்செஸ்ரரில் இருந்த சார்ள்ஸ் பிளக்லி. பிள்ளைகள் அறையில் வைத்திருந்த ஒரு புல்லுக்கொத்தை அசைக்க, தூள் பறந்து அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அதோடு மனுசன் விடவில்லை. தன் கைத் தோலைக் கீறி மகரந்தம் தடவினார், வீங்கியது. பசை பூசிய கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்து ஒவ்வொரு நாளும் விழுந்த மணிகளை எண்ணினார். பட்டத்தில் தகடுகளைக் கட்டி ஆயிரம் அடிக்கு மேலேயும் ஏற்றினார், அங்கேயும் மகரந்தம் இருந்தது. 1873இல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. இண்டைக்கு டொக்டர்மார் சொல்லுகிற 'மகரந்தம் கூடிய நாளில் யன்னலைப் பூட்டு, வெளியில் போய் வந்தால் குளி, உடுப்பை வெளியில் காயவிடாதே' என்ற புத்திமதிகளின் அத்திவாரம் அந்தத் தகடுகள்தான். பிளக்லிக்கும் ஒரு விசயம் பிடிபடவில்லை: புல்லுக்குள்ளேயே நிற்கும் கமக்காரருக்கு இந்த நோய் ஏன் இவ்வளவு குறைவு?

அமெரிக்காவில் விலகி இருப்பதே ஒரு தொழிலாகியது. அங்கே ஓகஸ்ட், செப்ரெம்பரில் தும்ம வைப்பது றாக்வீட் என்ற களை. வசதியானவர்கள் ரயிலேறி நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குப் போய், உறைபனி விழுந்து களை செத்தபிறகு திரும்பினார்கள். பெத்லகேம் என்ற மலையூரில் 1874இல் அவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். அந்த ஹோட்டல்களில் படுக்கை விரித்தவர்களுக்கும் மூக்கு இருந்தது. அவர்களுக்குச் சங்கம் இல்லை.

றாக்வீட்டுக்கு நெருங்கிய சொந்தக்காரி ஒருத்தி எங்களிடமும் இருக்கிறாள்: பார்த்தீனியம். 1999இல் வவுனியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று சனம் சொல்லும். கிண்டிவிட்டுக் கைவிட்ட நிலம்தான் இரண்டுக்கும் பிடிக்கும். போருக்குப் பிறகு வன்னியில் அப்படி நிலத்துக்கு என்ன பஞ்சம்?

நாங்கள் ஒரு சிரமதானத்தில் அதைப் பிடுங்கியிருக்கிறோம். செடி முழுக்க வெள்ளைப் பூ. வெறுங்கை, முகக்கவசமும் இல்லை. பூக்க முதல், கையுறை போட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்று அண்டைக்கு ஆரும் சொல்லவில்லை. பின்னேரம் எங்களில் மூன்று பேருக்குக் கண் வீங்கி, முழங்கை வரை தடிப்பு. நாங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தோம், அடுத்தநாள் போகவில்லை. பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களை பிடுங்கிய அக்காமார் அடுத்தநாளும் போனார்கள். கையில் பொலித்தீன் பையைச் சுத்தி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். அவர்களிடம்தான் பிறகு நாங்கள் அதைப் பழகினோம்.