யாருக்கு நிம்மதி? கொடுங்கோலரின் மரணமும் நமது தராசும்

செஞ்சிக் கோட்டைக்குள் செல்வோர் அங்கே சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் காணலாம். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 1717-18இல் எழுப்பிய பள்ளி அது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1714 அக்டோபரில், கப்பப் பாக்கி தொடர்பாக எழுந்த பிணக்கில் அவருடைய படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர் தேஜ் சிங். தமிழகம் அவரை ராஜா தேசிங்கு என்று அழைக்கிறது. அவர் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. இறந்தபோது வயது இருபத்திரண்டு என்பர். அவருடன் உயிர் துறந்த நண்பர் மஹபத் கான் ஒரு முஸ்லிம்.

வென்றவரின் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆயினும் கதைப்பாடல் தோற்றவருக்கே வாய்த்தது. செஞ்சி, தொண்டூர் வட்டாரத்தில் தேசிங்கின் கதையைக் கேளாமல் வளர்ந்தவர் மிகக் குறைவு. 1732இல் இறந்த சாதத்துல்லா கானுக்காக இங்கே எவரும் ஒப்பாரி வைக்கவில்லை. இளமை, வீரம், நட்பு, நெருப்பில் இறங்கியதாகச் சொல்லப்படும் மனைவி ஆகிய யாவும் ஒரு மரணத்தில் கூடிவிட்டால், மக்கள் மனம் அதையே பற்றிக்கொள்கிறது. அந்தச் சில மாத ஆட்சியில் செஞ்சிச் சீமையின் உழவர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

தேசிங்கு கொடுங்கோலர் அல்லர். எனினும் அவரது கதை நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. ஆட்சியாளர் ஒருவரின் இறப்பு எப்படி நேர்ந்தது என்பது, அவர் எப்படி ஆண்டார் என்பதை மறைத்துவிட வல்லது. கொடுங்கோலர் விஷயத்தில் இந்த மறைப்பு பேரநீதியாக முடிகிறது.

1953 மார்ச் 5ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் தலைவர் ஸ்டாலின் இறந்தார். நம் நாடாளுமன்றத்தில் பிரதமர் நேரு அஞ்சலி செலுத்தினார். தமிழகத்திலும் இரங்கல் கூட்டங்கள் நடந்தன. மார்ச் 1ஆம் நாள் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி அப்பெயரைச் சூட்டியது அந்த நாட்களில்தான். அன்றைய தமிழகத்திற்கு அவர் ஹிட்லரை வீழ்த்தியவர். உழைப்பாளர் அரசின் தலைவர். அதே நாளில் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் செச்சென், இங்குஷ், கிரீமியத் தாத்தார் முஸ்லிம்கள் நாடு கடத்தப்பட்டவர்களாக வாழ்ந்துகொண்டிருந்தனர். 1944இல் அவர்களை ஊர் ஊராகச் சரக்கு ரயில்களில் ஏற்றி அனுப்பியவர் ஸ்டாலினே. வழியிலும் பின்னர் பட்டினியிலும் நோயிலும் மாண்டவர் பல்லாயிரம். செச்சென் மக்கள் தாயகம் திரும்ப 1957 வரை காத்திருந்தார்கள். தாத்தார்களோ 1980களின் இறுதிவரை. ஒரே மரணம் இங்கே துக்கமாகவும் அங்கே விடுதலையின் முதல் அறிகுறியாகவும் இருந்தது. இங்கே துக்கப்பட்டவர்கள் தீயவர்கள் அல்லர். அங்கே துன்புற்றவர்களின் குரல் அவர்களை எட்டவில்லை.

2006 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். அம்மாதம் 10ஆம் நாள், உலக மனித உரிமை நாளன்று, சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே தம் 91ஆம் வயதில் மருத்துவமனைப் படுக்கையில் இறந்தார். அவரது ஆட்சியில் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் மூவாயிரத்திற்கும் மேல். ஆயினும் அவர் எந்த வழக்கிலும் தண்டனை பெறவில்லை. தலைநகர் சாந்தியாகோவில் ஒருபுறம் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். மறுபுறம் ஆயிரக்கணக்கானோர் அழுதபடி வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில், 1974இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட தளபதி கார்லோஸ் பிராட்ஸின் பேரனும் நின்றார். பல மணி நேரம் காத்திருந்து, முறை வந்ததும் சவப்பெட்டியின் மீது உமிழ்ந்தார்.

இருபது நாட்களுக்குப் பின், ஈராக்கின் சதாம் ஹுசைன் தூக்கிலிடப்பட்டார். அன்று அங்கே சன்னி முஸ்லிம்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். தூக்குமேடையில் அவர் ஏளனம் செய்யப்பட்ட காட்சி கைப்பேசி வழியாக உலகெங்கும் பரவியது. இந்திய அரசு ஏமாற்றம் தெரிவித்தது. நம் நாட்டின் பல ஊர்களில் கண்டன ஊர்வலங்கள் நடந்தன. நம் வீடுகளில் பலர் கண் கலங்கினார்கள். நாட்டை ஆக்கிரமித்த அந்நியப் படையின் நிழலில், பெருநாளன்று, ஏளனத்தோடு நிறைவேற்றிய அத்தண்டனை கண்டிக்கத்தக்கதே.

ஆனால் நாம் ஹலப்ஜாவை நினைத்தோமா? 1988 மார்ச் 16ஆம் நாள் அவ்வூரின் மீது சதாமின் விமானங்கள் நச்சு வாயுவைப் பொழிந்தன. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். அவர்களும் கலிமா சொன்னவர்களே, குர்துகள். குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசற்படியில் வீழ்ந்து கிடந்த மனிதரின் படம் இன்றும் உண்டு. சதாமுக்குத் தூக்கு விதித்தது துஜைல் என்ற ஊரில் 148 பேர் கொல்லப்பட்ட வழக்கில். குர்துகளை அழித்தொழித்த அன்ஃபால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். அதனால் அவ்வழக்கில் அவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. குர்தியத் தாய்மார்கள் அவரைக் குறித்த ஒரு தீர்ப்பைக் கேட்கும் வாய்ப்பையே இழந்தார்கள். நச்சு வாயு வீசப்பட்டபோது வல்லரசுகள் பெரிதும் மௌனம் காத்தன. தூக்கிட்டபோது நாம் அழுதோம். இரண்டு நேரங்களிலும் ஹலப்ஜா தனித்தே நின்றது.

நாம் அழுதது பெரும்பாலும் சதாம் என்ன செய்தார் என்பதைப் பார்த்து அல்ல. அவரைக் கொன்றவர் யார் என்பதைப் பார்த்து. 2008 ஜனவரியில் இந்தோனேசியாவின் சுஹார்த்தோ இறந்தார். 1965-66இல் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட படுகொலைகளின் ஊடாக ஆட்சிக்கு வந்தவர் அவர். அவருக்கு அரசு மரியாதையும் ஏழு நாள் துக்கமும் கிடைத்தன. நம்மில் எவரும் அதைப் பேசவில்லை. அங்கே நம் கோபத்தைக் கிளற அந்நியப் படை இல்லை.

இத்தகைய நேரத்தில் மார்க்கம் நமக்கு எந்தத் தராசைத் தருகிறது?

நபி (ஸல்) அவர்களைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றது. அப்போது அவர்கள் மரணத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். நல்லடியார் இறந்தால் அவர் இவ்வுலகின் துன்பத்திலிருந்து நிம்மதி பெறுகிறார். தீயவன் இறந்தாலோ அவனிடமிருந்து மக்களும் ஊர்களும் மரங்களும் கால்நடைகளும் நிம்மதி பெறுகின்றன. அபூகதாதா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இறந்தவர் நம்மவரா, கொன்றவர் யார் என்பவற்றை விட்டு, யாருக்கு நிம்மதி கிடைத்தது என்று கேட்க இது கற்பிக்கிறது.

நம் முன்னோர் இத்தராசைக் கையாண்டார்கள். ஹிஜ்ரி 95இல், கி.பி. 714இல், ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப் இறந்தார். மக்காவை முற்றுகையிட்டு அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைக் கொன்றவர். மார்க்க அறிஞர் ஸயீத் பின் ஜுபைரையும் கொன்றவர். அச்செய்தி கேட்டு ஹஸன் பஸரீ (ரஹ்) நன்றி ஸஜ்தா செய்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. குர்ஆன் எழுத்துகளுக்குப் புள்ளியிடும் பணிக்கு ஹஜ்ஜாஜ் ஏற்பாடு செய்ததையும் அதே வரலாறு மறைக்கவில்லை. அவரிடம் நன்மைகள் உண்டு, அவை பாவக் கடலில் மூழ்கியவை, அவருடைய விவகாரம் அல்லாஹ்விடம் உள்ளது என்ற பொருளில் இமாம் தஹபீ எழுதினார். அவரை வெறுத்தும் அவர்மீது பொய் சொல்லவில்லை. அவரது நன்மையைச் சொல்லியும் கொடுமையை மறைக்கவில்லை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பகை மட்டுமன்று, பாசமும் நீதியை வளைக்கும். நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. இறந்தோரை ஏசுவதும் தடுக்கப்பட்டுள்ளது. அவர்கள் தாம் முற்படுத்தியதைச் சேர்ந்துவிட்டார்கள். ஏசாமல் இருப்பது வேறு, புகழ்ந்து தியாகியாக்குவது வேறு.

நாளையும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு கொடுங்கோலர் இறப்பார். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அவரைப் போற்றியோ தூற்றியோ படங்கள் வந்து சேரும். அதை அவர்கள் பிறருக்கு அனுப்பும் முன், அவரால் துன்புற்ற மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாம் அவர்களைக் கேட்கப் பழக்குவோம். மஹபத் கானும் தேசிங்கும் செஞ்சி மண்ணில் ஒன்றாக மடிந்ததை நம் தமிழ் இன்னும் மறக்கவில்லை. ஹலப்ஜாவின் வாசற்படியில் மடிந்தோரை மறவாதிருக்கவும் அதே நெஞ்சில் இடம் உண்டு.

நீதியாளர்களாக நம்மை ஆக்க வல்ல அல்லாஹ் போதுமானவன்.