பாதி வெள்ளி, முழு வாக்குறுதி

நெல்லையில் பழங்காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் தன் ஆல்பத்தை எங்களிடம் காட்டினார். ஒரே பக்கத்தில் இரண்டு வெள்ளிக் காசுகள் இருந்தன. ஒன்று கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியுடையது, 1971 என்று பொறித்த 10 கூர்து. மற்றொன்று நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு 50 ரூபாய்.

ஹெய்ட்டியை 1957 முதல் 1986 வரை டுவாலியர் குடும்பம் சர்வாதிகாரமாக ஆண்டது. எதிர்த்தவர்களை வேட்டையாட 'டோன்டோன் மக்கூத்' என்ற அடியாள் படையை வைத்திருந்தது. அந்த ஆட்சியின் 1971 காசுகளில் வட அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களான சிட்டிங் புல், ஜெரோனிமோ போன்றோரின் முகங்கள் உண்டு. சொந்த மக்களை ஒடுக்கியவர்கள், வேறொரு மண்ணில் ஒடுக்குமுறையை எதிர்த்து நின்றவர்களைக் காசில் பொறித்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள்.

ஹெய்ட்டியைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம் 50 ரூபாய் காசு நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. 'அனைவருக்கும் உணவும் வேலையும்' என்பது அதன் வாசகம். அதில் பாதிதான் வெள்ளி. அதுவும் சேகரிப்பாளர்களுக்காக அச்சிட்டது, கூலிக்காரர் கைக்கு வரவேயில்லை. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. கட்டாயத்துக்கு அதிகம் ஆளானவர்கள் ஏழைகள். அதே 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் சட்டம் சொன்னது வேறு, சேரிக்கு வந்து சேர்ந்தது வேறு.

அந்த வாசகத்துக்கு 23 ஆண்டுகள் கழித்து இந்த ஊரிலேயே பதில் கிடைத்தது. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு. சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம்.

காசு சேர்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அது பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த அரசின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நண்பரிடம் கேட்டோம். 1976 காசின் கீழே அவர் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். அதில் இருப்பது ஒரே வரி: '1999 ஜூலை 23, தாமிரபரணி, 17 பேர்.'