பெயரின்மையின் வரலாறு: தமிழகத்தில் எய்ட்ஸின் தொடக்கக் காலமும் தொலைக்காட்சி நினைவும் – பழவேற்காட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதிசெய்யப்பட்ட இடம் சென்னை, ஆண்டு 1986. அந்தக் கண்டுபிடிப்புக்கு இரத்தம் அளித்த பெண்கள் யாவர் என்பது பொதுநினைவில் இல்லை. தொலைக்காட்சியும் திரைப்படமும் தமிழில் எய்ட்ஸைக் காட்டிய முறைகளை இக்கட்டுரை மூன்று கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நோயுற்றோரின் பெயரின்மை எவ்வாறு செயற்பட்டது என ஆராய்கிறது. பெயரின்மை நோயுற்றோருக்குக் காப்பாகவும் அவர்களை அழிப்பதாகவும் ஒருசேர இருந்தது என்பது இதன் கருதுகோள். பழவேற்காட்டு மீனவக் குப்பங்களை முன்வைத்து இக்கருதுகோள் சோதிக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: எய்ட்ஸ், தொலைக்காட்சி, பொதுநினைவு, பெயரின்மை, புள்ளிராஜா, பழவேற்காடு

முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 17ஆம் நூற்றாண்டு முதலான கல்லறைகளில் பெயர்களும் நாள்களும் கல்லில் நிற்கின்றன. அதே நூற்றாண்டில் அதே கரையிலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளைப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் கம்பெனியின் கணக்குகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எஞ்சினர். ஒரே ஊரின் மண்ணில் சிலர் பெயராகவும் பலர் எண்ணாகவும் நினைவுகூரப்படுகின்றனர்.

இந்த வேறுபாடு பழைய வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் தொடங்கிய எய்ட்ஸின் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. அந்நோயைக் கண்டறிந்த மருத்துவர்கள் பெயர் பெற்றனர், கண்டறியப்பட்டவர்கள் எண்ணிக்கையாயினர். இவ்வெண்ணிக்கையைத் தொலைக்காட்சி எவ்வாறு உருவமாக்கியது, அவ்வுருவம் எவற்றை மறைத்தது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

1986: காட்பாடிக்குச் சென்ற இரத்தம்

அமெரிக்காவில் 1981 ஜூன் மாதம் முதற்செய்தி வெளியான இந்நோயை இந்தியா தொடக்கத்தில் மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவாகவே கருதியது. இந்தியக் குடும்ப அமைப்பு நோயைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. இந்நிலையில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் தமிழகத்தில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்னும் ஆய்வுத் தலைப்பை அளித்தார்.

மும்பையைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கெனத் தனித் தெரு இல்லை. எனவே நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பழகி, அவர்கள் வழியாக ‘விஜிலன்ஸ் ஹோம்’ எனப்பட்ட அரசுக் காப்பகத்தை அறிந்தார். காவல்துறையால் பிடிக்கப்பட்ட பெண்கள் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். மூன்று மாதங்களில் 80 இரத்த மாதிரிகள் திரட்டப்பட்டன. பிரித்த சீரம் சோதனைக்குச் செல்லும்வரை நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. சென்னையில் இதற்கான சோதனை வசதி இல்லாமையால், 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் இரவு இரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் தலைமையிலான ஆய்வகத்தில் மாதிரிகளைச் சேர்த்தனர். ஆறு மாதிரிகள் தொற்று உள்ளதைக் காட்டின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் இதை உறுதிசெய்தது. 1986 மே மாதம் மாநில நலவாழ்வுத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

இந்நிகழ்வுகள் இன்று ஓரளவு அறியப்பட்டவையே. பின்னாளைய நேர்காணலில் நிர்மலா வெளிப்படையாகக் கூறிய ஒரு செய்தியோ போதிய கவனம் பெறவில்லை. எதற்கான சோதனை என்பது அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். அக்கால மருத்துவ நடைமுறையில் இது விதிவிலக்கன்று. ஆகவே தனிமனிதர்மீது குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும் இந்தியாவின் எய்ட்ஸ் வரலாறு, அடைத்துவைக்கப்பட்ட பெண்களின் அறிந்த இசைவின்றிப் பெறப்பட்ட இரத்தத்திலிருந்து தொடங்குகிறது என்னும் உண்மையை வரலாற்றாசிரியர் கடந்துபோக இயலாது.

காப்பகமும் சட்டமும்

அப்பெண்களை அடைத்துவைக்க வழிசெய்த 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வாணிகத் தடுப்புச் சட்டம், அதே 1986இல் திருத்தப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. தொற்று கண்டறியப்பட்டதும் காப்பகத்தின் தன்மை மாறியது. பிடித்துவைத்தலுக்குச் சட்டம் கூறிய காரணத்தோடு நோயும் ஒரு காரணமாயிற்று. உரிய காலம் கடந்தும் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் விடுவிக்கப்படாத நிலையை எதிர்த்து இதழாளர் சியாமளா நட்ராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். அதன் பின்னரே அவர்களுக்கு விடுதலை கிட்டியது.

இதனைக் கோவாவின் டொமினிக் டிசோசா வழக்கோடு ஒப்பிடுதல் தகும். இரத்த தானம் செய்தபோது தொற்று கண்டறியப்பட்ட அவர் 1989இல் 64 நாள்கள் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார். அவர் தாய் தொடர்ந்த வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் தனிமைப்படுத்தும் சட்டப் பிரிவைச் செல்லத்தக்கதென்றே தீர்ப்பளித்தது. டிசோசா படித்தவர், அவர் பெயர் நாளிதழ்களில் வந்தது, நண்பர்கள் வீதியில் இறங்கினர். அவர் வாழ்வைத் தழுவியதாக அறியப்படும் ‘மை பிரதர் நிகில்’ என்னும் இந்தித் திரைப்படம் 2005இல் வெளிவந்தது. சென்னைக் காப்பகப் பெண்களுக்கு அத்தகைய திரைநினைவு வாய்க்கவில்லை. துன்பம் ஒத்ததாயினும், நினைவாக மாறுவதற்குப் பெயரும் சுற்றமும் வேண்டியிருந்தன.

முதற்கட்டம்: உயிர்க்கொல்லியின் திரை

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் வந்தது. எய்ட்ஸ் பற்றிய முதற்காலப் பரப்புரை பெரிதும் அரசு ஒளிபரப்பின் காலத்திற்கு உரியது. அக்காலத்தில் எய்ட்ஸ் என்னும் சொல்லுக்குமுன் ‘உயிர்க்கொல்லி நோய்’, ‘ஆட்கொல்லி நோய்’ என்னும் அடைகள் ஏறக்குறையக் கட்டாயமாயின. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்னும் பழந்தொடர் நோய்த்தடுப்பு முழக்கமாயிற்று. மண்டையோடும் எலும்பும் சுவரோவியங்களின் பொதுச் சின்னமாயின.

இவ்வச்சமொழி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1987இல் பிரித்தானிய அரசு கல்லறைக் கல்லையும் பனிப்பாறையையும் காட்டித் தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய விளம்பரத்தில் இறப்பின் உருவம் மனிதர்களைப் பந்தால் வீழ்த்தியது. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1985 நவம்பரிலேயே ‘ஆன் எர்லி ஃப்ராஸ்ட்’ என்னும் படம், நோயுற்ற மகன் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவதைக் காட்டியிருந்தது. அச்சத்தோடு அங்கே ஒரு மகனும் இருந்தான். தமிழ்த் திரையில் அந்தத் தொடக்க ஆண்டுகளில் நோய் இருந்தது, நோயாளி இல்லை.

இதற்கு மொழியும் ஒரு காரணம். பால்வினை நோயைப் ‘பொம்பளைச் சீக்கு’ எனச் சுட்டும் வழக்கு பேச்சுத்தமிழில் நெடுநாள் உண்டு. ஆணின் உடலில் தோன்றும் நோய்க்கும் பெண்ணே பெயராகிறாள். ‘உயிர்க்கொல்லி’ என்னும் புதுச்சொல் இப்பழைய வழக்கின்மீதே வந்து படிந்தது. கொல்வது கிருமி என மருத்துவம் கூறியது. கொல்பவள் பெண் எனக் கேட்டோர் பொருள்கொள்ளப் பழைய சொல் துணைநின்றது.

பார்க்கும் சூழலும் முக்கியமானது. ஊராட்சிக் கட்டடத்திலிருந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டிமுன் மாமனாரும் மருமகளும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்த காலம் அது. ஆணுறையைப் பற்றி அங்கே வெளிப்படையாகப் பேசுவது கடினம். சொல்லக் கூசியதை மண்டையோடு சொல்லியது. ஆனால் எவ்வாறு தடுப்பது என்பதை அது சொல்லவில்லை.

இரண்டாம் கட்டம்: புள்ளிராஜா

1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. மாநில அளவில் அமைந்த இத்தகைய சங்கங்களுள் இதுவே நாட்டில் முதலாவது. பத்தாண்டு கழித்துப் பரப்புரையின் தொனி மாறியது. மும்பையில் 2002இல் பல்பீர் பாஷா என்னும் கற்பனை மனிதனை வைத்து எழுந்த விளம்பரத்தின் வழியில், ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் வினா தமிழகத்தின் விளம்பரப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் தோன்றியது.

இவ்வினாவின் வலிமை அதன் பெயரில் உள்ளது. ‘பெரும்புள்ளி’ என்னும் வழக்கை நினைவூட்டும் அப்பெயர் எந்த ஊருக்கும் எச்சாதிக்கும் உரியதன்று. முகமற்ற அவன் எவனாகவும் இருக்கலாம். பழி முதன்முறையாகப் பெண்ணிடமிருந்து விலகி, ஆணின் நடத்தை பற்றிய வினாவாக மாறியது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மக்கள் சிரித்துக்கொண்டே அந்நோயின் பெயரை உச்சரித்தனர். அச்சமொழியால் இயலாதது இது.

ஆயினும் புள்ளிராஜா ஒரு கற்பனைப் பெயர். உண்மைப் பெயரோடு பேச முன்வந்தோர் வேறு. 1997இல் சென்னையில் அசோக் பிள்ளை முதலியோர் எச்.ஐ.வி. உள்ளோரின் கூட்டமைப்பை உருவாக்கினர். நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா, கணவர்வழித் தொற்றுற்றதை வெளிப்படையாக அறிவித்து, 1998இல் நேர்நிலைப் பெண்களின் அமைப்பைத் தோழியரோடு தொடங்கினார். புள்ளிராஜாவுக்கு வருமா என ஊர் கேட்பதற்கு முன்பே, புள்ளிராஜாக்களின் மனைவியர் விடை சொல்லத் தொடங்கியிருந்தனர். விளம்பரத்தின் வினா அவர்களைச் சென்றடையவில்லை.

மூன்றாம் கட்டம்: தண்டனையும் போற்றுதலும்

2004 ஏப்ரல் முதல் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. நோய் ‘உயிர்க்கொல்லி’ என்னும் அடையை இழக்கத் தொடங்கிய காலம் இது. திரையோ பின்தங்கியது. 2007இல் வெளியான ‘மிருகம்’, கட்டுக்கடங்கா முரடன் ஒருவனின் உடல் எய்ட்ஸால் சிதைவதைக் காட்டியது. மருந்து வந்தபின்னும் நோய் அங்கே தண்டனையாகவே நின்றது.

பின்னர்த் திரும்பிய நினைவு போற்றுதல் வடிவில் அமைந்தது. சுனிதி சாலமன் 2015இல் மறைந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் எச்.ஐ.வி. உள்ளோருக்கு மணத்துணை தேடித் தந்ததைப் பற்றிய ‘லவ்சிக்’ என்னும் ஆவணப்படமும் வெளிவந்தது. நிர்மலாவின் பணியைப் பி.பி.சி. 2016இல் உலகறியச் செய்தது. இப்போற்றுதல் தகுதியானதே. ஆனால் 2021இல் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் ‘இட்ஸ் எ சின்’ 1980களின் நோயுற்ற இளைஞர்களையே நாயகர்களாக்கிற்று. அங்கே நினைவு நண்பர்களின் வழியாக வந்தது. இங்கே மருத்துவரின் வழியாக வந்தது. காப்பகத்துப் பெண்கள் இரத்தக் குழாய்களாகவே கதைக்குள் நுழைந்து வெளியேறினர்.

பழவேற்காட்டிலிருந்து பார்க்கும்போது

மேற்கண்ட வரலாறு நகரத்தின் வரலாறு. மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர் இதில் எங்கே வருகிறார்? அவர் ஒரு வகைமையாக வருகிறார். 2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் தரவுகளைக் கொண்டு, மீன்பிடி மக்கள் எச்.ஐ.வி. இடர் மிகுந்தோருள் அடங்குவர் எனக் காட்டியது. வீட்டைவிட்டு அகன்றிருக்கும் இரவுகள், நாள்தோறும் கையில் புரளும் ரொக்கம், உயிராபத்தோடு பழகிய துணிவு ஆகியவை இத்தகைய ஆய்வுகள் கூறும் காரணங்கள்.

இக்காரணங்கள் பழவேற்காட்டுக்கு அப்படியே பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. இங்கே ஏரித்தொழிலும் கடல்தொழிலும் உண்டு. ஏரியில் மீன்பிடி இடங்களைக் குப்பத்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. பாட்டுக்குச் செல்பவர் முறை முடிந்ததும் வீடு திரும்புகிறார். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுத் தொழிலாளியின் வாழ்க்கை வேறு. முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்வரத்துக் குறையும்போது வெளித்துறைமுகங்களுக்குக் கூலிக்குச் செல்பவரின் நிலை மேலும் வேறு. ‘மீனவர்’ என்னும் ஒற்றைச்சொல் இவ்வேறுபாடுகளை விழுங்கிவிடுகிறது. இடர், சாதியிலோ தொழிற்பெயரிலோ இல்லை. தொழில் நடக்கும் முறையில் உள்ளது.

வகைமை மருத்துவத் திட்டமிடலுக்குத் தேவை. ஆனால் அது திரையேறும்போது முத்திரையாகிறது. நகர்க் காப்பகப் பெண்ணுக்கு 1986இல் நேர்ந்தது இதுவே. அன்று ஒருவர் பெயரும் வெளிவரவில்லை. எனினும் ‘அத்தகைய பெண்கள்’ என்னும் கூட்டுப்பெயர் அவர்கள் அனைவர்மீதும் விழுந்தது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த குப்பத்தில் இதன் கனம் கூடுதல். அங்கே ஒருவர் பெயரைச் சொல்லாமல் விடுவது அவருக்குக் காப்பு. ஊரின் பெயரை நோயோடு சேர்த்துச் சொல்வது அனைவருக்கும் தீங்கு. அரசுச் சோதனை நிலையங்களுக்குத் தமிழகத்தில் ‘நம்பிக்கை மையம்’ எனப் பெயரிட்டமை இவ்வகையில் கருதத்தக்கது. அப்பெயரில் நோயும் இல்லை, வகைமையும் இல்லை.

முடிவுரை

எச்.ஐ.வி. உள்ளோரின் நிலையை அவர்தம் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே அந்த ஆறு பெண்களின் பெயர்களைத் தேடிக் கண்டெடுப்பது வரலாற்றுப் பணியாகாது. இசைவின்றி இரத்தம் பெறப்பட்டவர்களிடமிருந்து இசைவின்றிப் பெயரையும் பெறுதல் இரண்டாம் தவறாகும்.

அவர்கள் பெயரை அல்ல, இடத்தையே நாம் மீட்க வேண்டும். இந்திய எய்ட்ஸ் வரலாற்றின் முதல் வரி ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என முடிகிறது. யாரிடமிருந்து, எந்தச் சுவருக்குள், எவ்வளவு அறிந்த நிலையில் என்னும் வினாக்களையும் அவ்வரி தாங்க வேண்டும். வாய்மொழி வரலாறு திரட்டுவோர், குப்பத்திலாயினும் நகரிலாயினும், நோய் யாருக்கு வந்தது எனக் கேட்பதை விடுத்து, அச்செய்தி ஊருக்கு எவ்வாறு வந்தது, திரையில் எதைக் கண்டார்கள், எப்போது வாய்மூடினார்கள் எனக் கேட்பது இதற்கு ஒரு வழி. இவ்வினாக்களுக்கு யாரையும் காட்டிக்கொடுக்காமல் விடை சொல்ல இயலும்.

பழவேற்காட்டுக் கல்லறை வாயிலின் எலும்புக்கூடுகள் இறப்பைச் சுட்டுகின்றன; எவரையும் நினைவுகூரவில்லை. நினைவு உள்ளே, கற்களில் உள்ளது. தமிழ்த் தொலைக்காட்சி எய்ட்ஸைப் பொறுத்தவரை நெடுங்காலம் வாயிலிலேயே நின்றுவிட்டது.