வாடை பிறக்கும் திசையில் ஒரு நடை

தமிழர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தொல்காப்பியர் முன்பனியைக் கூதிரோடு குறிஞ்சிக்கும், பின்பனியைப் பாலைக்கும் உரியதாக்கினார். ஆறு பொழுதுகளில் இரண்டு பனியின் பெயரையே தாங்கி நிற்றல் எண்ணத்தக்கது. தென்னகத்து நகரங்களில் இன்று இச்சொற்கள் பாடநூலளவில் நின்றுவிட்டன. தலைநகரில் குடியேறி வாழும் நமக்கோ அவை உடலால் உணரும் உண்மைகள்.

வடக்கிலிருந்து வீசும் காற்றை நம் முன்னோர் வாடை என்றனர். அக்காற்றின் இயல்பை விரித்துரைக்கும் பாட்டு, நக்கீரர் இயற்றிய 188 அடிகள் கொண்ட நெடுநல்வாடை. ஆயர் தீக்காய்கின்றனர், புறாக்கள் இரை தேடவும் மறந்து மாடத்தில் ஒடுங்குகின்றன, சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துகிறாள். அரசனோ பாசறையில், நள்ளிரவிலும் உறங்காது, தூறலையும் வாடையையும் பொருட்படுத்தாது, புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றியவாறு நடக்கிறான். தமிழிலக்கியம் காட்டும் குளிர்கால நடைகளுள் தலையாயது இதுவே எனலாம். அந்நடையின் சிறப்பு அரசன் கடந்த தொலைவில் இல்லை. அவன் கண்கள் பிறர் துயரைக் கண்டதில் இருக்கிறது. கண்ணும் கருத்தும் உடன்வராத நடை கால்களுக்குப் பயிற்சியாகலாம், உள்ளத்துக்கு உணவாகாது.

அத்தகைய நடைக்குத் தில்லியில் ஏற்ற இடம் லோதி தோட்டம். பனிமூட்டம் விலகும் வேளையில் அங்கு நடப்போர் சில நூற்றாண்டுகளைச் சில நாழிகையில் கடந்துவிடலாம். எண்கோண வடிவில் நிற்பது சையது மரபினரான முகம்மது ஷாவின் கல்லறை, 15ஆம் நூற்றாண்டினது. படா கும்பத்தை அடுத்த பள்ளிவாசல் 1494இல் எழுந்தது. அருணகிரிநாதர் தென்னாட்டில் சந்தம் பொழிந்ததும் அந்நூற்றாண்டிலேயே என்பர். 1517இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை மதில் சூழ உள்ளது. அவர் மகன் இப்ராகிம் 1526இல் பானிப்பட்டுப் போரில் வீழ, லோதி அரசும் முடிந்தது. சற்றே அப்பால், அக்பர் காலத்தைச் சேர்ந்த ஏழு வளைவுகள் கொண்ட பாலம் நிற்கிறது. ஓடை மறைந்தது, பாலம் நிலைத்தது.

கற்களில் எழுதப்படாத வரலாறும் அங்கு ஒன்றுண்டு. இன்று புல்வெளியாக விளங்கும் இடத்தில் கைர்ப்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. அங்கு வாழ்ந்தோரை வேற்றிடத்திற்கு அகற்றிய பின்னரே, 1936இல் ஆங்கில ஆட்சித் தலைவரின் மனைவி பெயரால் பூங்கா திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் லோதி தோட்டம் என்று பெயர் மாறியது. 1968இல் ஜோசப் ஸ்டைன், காரெட் எக்போ ஆகியோர் அதனைத் திருத்தியமைத்தனர். மன்னர் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. பெயர்ந்துபோன உழவரின் வீடுகளுக்கு இல்லை. ஊர்விட்டு ஊர் வந்த நாம் அந்தப் புல்வெளியில் நடக்கையில் அவர்களையும் ஒருகணம் நினைத்தல் தகும்.

தில்லியின் கரட்டு மேட்டுக் காடு ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. அங்கு மண்டியிருக்கும் முள்மரம் நமக்குப் புதிதன்று. இராமநாதபுரத்துக் கரம்பைகளில் கண்ட அதே சீமைக் கருவேல்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரத்தை, புதிய தலைநகர் எழுந்த காலத்தில் ஆங்கிலேயர் இங்கு பரப்பினர். அது மண்ணுக்குரிய மரங்களை நெருக்கி வளர்ந்தது. பனிக்காலம் முடியும் தறுவாயில் இலவமரம் இலையுதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கும். பாலை வழியிலே சங்கப் புலவர் கண்ட மரம் அது. பின்பனியைப் பாலைக்கு உரிமையாக்கிய இலக்கணம், அம்மரத்தடியில் நிற்போர்க்கு உரையாசிரியரின் துணையின்றியே விளங்கும்.

ஆயினும் இந்நடைக்கு இந்நாளில் ஓர் இடையூறு நேர்ந்துள்ளது. குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிகிறது. வண்டிப் புகையும் வயல் தாள் எரிக்கும் புகையும் மேலெழ வழியின்றித் தங்கிவிடுகின்றன. காற்றுத் தரக் குறியீடு 300ஐக் கடந்தால் மிக மோசம் என்றும், 400ஐக் கடந்தால் கடுமை என்றும் அரசு அறிவிக்கிறது. அத்தகைய நாட்களில் முதியோரும் சிறுவரும் வீட்டில் இருத்தலே அறிவுடைமை. மற்ற நாட்களிலும், வைகறையை விடுத்து வெயில் ஏறிய பொழுதைத் தேர்தல் நலம். துயிலெழுப்பித் தோழியரை அழைத்துச் சென்ற பாவை நோன்பின் மரபினர், மார்கழி விடியலைக் கண்டு அஞ்சும் நிலை வருத்தத்திற்குரியது. காற்றைக் காப்பது மரபைக் காப்பதுமாகும்.

ஆதலின், காற்றுத் தெளிந்த நாளில் நம் மக்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். பனித்துளியைக் காட்டி முன்பனி என்னும் சொல்லையும், கன்னத்தில் உறைக்கும் காற்றைக் காட்டி வாடை என்னும் சொல்லையும் கற்பிப்போம். பிறந்த மண்ணில் பொருள் மங்கிய சொற்கள், நாம் புகுந்த மண்ணில் மீண்டும் உயிர்பெறட்டும்.