செக்ரோலில் இடமில்லாத மசக்கை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பேர்போன மீனவர் ஊர். அங்கிருந்து கிழக்கே செமிலிங், பீடோங், சுங்கை பட்டாணி என்று உள்நாட்டுக்குள் போனால், ஒரு காலத்தில் வழிநெடுகக் கித்தா என்ற ரப்பர் தோட்டங்கள். 1909இல் பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்குக்குள் வந்தது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது. ஜெராய் மலையடிவாரம் முதல் கூலிம் வரை காடு அழிந்து தோட்டமானது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து குடும்பங்கள் கங்காணிகளின் பின்னால் பினாங்கில் வந்து இறங்கின. இந்தத் தோட்டங்களின் வரலாற்றில் கூலி, கள்ளு, வேலைநிறுத்தம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படையைப் பற்றிக்கூட நூல்கள் பேசுகின்றன. பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் வாந்தியைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் வாதம் இதுதான்: தோட்ட நிர்வாகமும் அதைக் கட்டுப்படுத்த வந்த சட்டமும் பேறுகாலத்தின் கடைசி மாதத்தை மட்டுமே பேறுகாலமாக எண்ணின. மூன்றாம் மாதத்து மசக்கையை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. கடைசி மாதத்துப் பயங்களில் ஒரு பகுதி இந்தப் புறக்கணிப்பில் விளைந்ததே.

வேலையை முதலில் பார்ப்போம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். ஆகவே விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே நிரைக்குப் போக வேண்டும். ஒருத்திக்கு 300 முதல் 400 மரம். ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து, உளியால் பட்டையைச் சீவி, மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைத்து வைத்து நிமிர வேண்டும். முந்தின நாள் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் வெட்டுக்காயத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் உரித்துக் கூடையில் போட வேண்டும். இரண்டு நாள் வைத்த கட்டிப்பாலின் நாற்றம் எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடை. அங்கே பாலை உறைய வைக்கும் அமிலத்தின் நெடி. மசக்கை எவற்றால் கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களோ, வெறும் வயிறு, அதிகாலை, குனிவு, கடும் நெடி, அத்தனையும் பால்மரம் வெட்டும் வேலைக்குள்ளேயே இருந்தன. பெரும்பாலான பெண்கள் நாலாம் மாதம் தாண்டித் தேறிவிடுவார்கள். நூற்றில் ஓரிருவருக்கு அப்படி விடுவதில்லை. தண்ணீர்கூடத் தங்காமல், எடை கரைந்து, சிறுநீர் கறுத்து, எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடுவார்கள். இன்றென்றால் அவர்களுக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏறும். அன்று அந்தப் பெண்ணின் பேருக்கு நேரே செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி போட்டது வேலைக்கு வராத குறி ஒன்றுதான்.

சட்டம் இருந்ததே என்று கேட்பார்கள். இருந்தது, இதில் ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. 1922இல் இந்திய அரசு கொண்டுவந்த குடிபெயர்வுச் சட்டம், ஆள் வேண்டுமென்றால் இன்னின்ன நிபந்தனைகளுக்கு ஒப்ப வேண்டும் என்று மலாயாவை நெருக்கியது. 1923இல் கூட்டமைப்பு மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் பிரசவத்துக்கு முன் ஒரு மாதமும் பின் ஒரு மாதமும் ஓய்வுப்படி தரச் சொன்னது. கெடா அந்தக் கூட்டமைப்பில் சேராத மாநிலம். தனக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டாலும் போக்கு அதேதான். பம்பாய் ஆலைப் பெண்களுக்கு இப்படியொரு சட்டம் 1929இல்தான் வந்தது, சென்னை மாகாணத்தில் 1934இல், இலங்கையில் 1939இல். ஆக, மலாயாத் தோட்டத் தொழிலாளி தன் தாயகத்துச் சகோதரியைவிட முன்னதாகவே பேறுகாலப் படி வாங்கினாள். இதை வைத்து, தோட்டத் துரைமார்களைக் கொடியவர்களாக மட்டும் காட்டுவது தவறு என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான வாதம்தான்.

ஆனால் அந்தப் படி கணக்கிடப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் அவள் ஈட்டிய கூலியின் சராசரியே அளவுகோல். ஆணுக்கு நாளுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த காலம். 1930இன் மந்தத்தில் அதுவும் 32 ஆக இறங்கியது. மசக்கை முற்றி நாலைந்து மாதம் வரை நீண்ட பெண், படுத்த நாட்களின் கூலியை இழந்தாள். அந்த நாட்கள் சராசரியையும் கீழே இழுத்ததால், கடைசி மாதத்தில் கைக்கு வரும் படியும் குறைந்தது. ஒரே நோய்க்கு இரண்டு வெட்டு. யார் அதிகம் வாடினாளோ அவளுக்கே குறைவாகக் கிடைக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. யாரும் வஞ்சகமாக யோசித்து இப்படி வைத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் எழுதியவர்களின் கண்ணில் கர்ப்பம் என்பது பிரசவம் மட்டுமே. பிரசவம் என்பது தோட்டத்துக்கு அடுத்த தலைமுறை ஆள்.

அக்காலத்து அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது, இன்றைய கண்ணால் அன்றைய சட்டத்தை அளக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. இதற்குப் பதில் அக்காலத்திலேயே இருக்கிறது. 1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஆறாறு வாரம் என்பதோடு அது நிற்கவில்லை. கர்ப்பத்தால் விளைந்ததென்று மருத்துவர் சான்றளித்த நோயால் ஒருத்தி வேலைக்கு வர இயலாவிட்டால், ஒரு கால வரம்புவரை அவளை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றும் எழுதி வைத்தது. அந்த உடன்படிக்கை தொழிற்சாலைக்கும் வணிகத்துக்கும் உரியது. வேளாண்மைக்கு 1921இல் வந்தது வெறும் பரிந்துரை. தோட்டம் வேளாண்மைக் கணக்கில் போய்விட்டது. ஆகக் கர்ப்பகால நோய் என்ற எண்ணம் 1919இலேயே சட்ட மொழியில் இருந்தது. தோட்டத்துக்குள் நுழைய அதற்கு வழிதான் விடப்படவில்லை.

மருத்துவமும் இதற்குத் துணை போனது. 1890களில் கால்டன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் கடுமையான கர்ப்ப வாந்தியை மனநரம்புக் கோளாறு என்று வகைப்படுத்தினார். அந்தக் கருத்து அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. ஐரோப்பியச் சீமாட்டிக்கே மனக்கோளாறு என்றால், தோட்டத்துக் கூலிப் பெண்ணுக்குச் சோம்பல் என்று பட்டம் கிடைத்ததில் வியப்பில்லை. 2023 டிசம்பரில்தான் அதன் வேர் தெளிவாகப் பிடிபட்டது. மார்லினா ஃபெஜ்ஸோவும் ஸ்டீபன் ஓராஹிலியும் சேர்ந்த குழு, கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனே காரணம் என்று காட்டியது. கருத்தரிக்கும் முன் அந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்த பெண்களை, பிறகு அது திடீரென்று கூடும்போது கடுமையாகத் தாக்குகிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒருத்தி மூன்றாம் மாதமும் வெட்டுக்குப் போக, பக்கத்து வீட்டுக்காரி பாயை விட்டு எழ முடியாமல் கிடந்ததற்கு மன உறுதியின் ஏற்றத்தாழ்வு காரணமல்ல.

சட்டமும் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் விட்ட இடத்தை லயத்து அடுப்படி ஏற்றுக்கொண்டது. எலுமிச்சை, நாரத்தங்காய் ஊறுகாய், இஞ்சிச் சாறு என்று ஊரிலிருந்து வந்தவற்றோடு சீனன் கடை அசாம்போயும் சேர்ந்தது. இவற்றைவிட முக்கியம் உப்புப் போட்ட வடிகஞ்சி. மலாயாவில் பெரிபெரி நோய் சீனச் சுரங்கத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனபோது தமிழர்கள் பெருமளவு தப்பினார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் நடத்திய சோதனையும், பிரேசரும் ஸ்டான்டனும் செய்த ஆய்வும் காரணத்தை உறுதிப்படுத்தின: தமிழர் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடுகிறது. இதற்கும் மசக்கைக்கும் நேர் உறவு உண்டு. வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவளின் உடலில் முதலில் தீரும் சத்துகளில் ஒன்று தயமின். அது அற்றுப்போனால் கண் நிலைகுத்தி, நடை தள்ளாடி, நினைவு குழம்பி, உயிருக்கே ஆபத்தாகும். சோற்றுத் தண்ணீரில் நீரும் உப்பும் கரைந்த தயமினும் சேர்ந்தே இருந்தன. ஒரு வாய் தங்கினாலும் அது மருந்துதான். ஒரு வாயும் தங்காதவளுக்கு அதனாலும் பயனில்லை. ஆகவே பாட்டி வைத்தியத்துக்கு மாலை போட நான் வரவில்லை.

இந்தக் காப்பும் சப்பானியர் காலத்தில் உடைந்தது. ரங்கூன் புழுங்கலரிசி நின்றது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. ஆண்கள் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் கெடாவே தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டுக்கே நெல் தந்த மாநிலத்தில், தோட்டத்துப் பிள்ளைத்தாச்சி கிழங்கு மாவைக் கரைத்துக் குடித்தாள்.

இனிக் கடைசி மாதங்கள். தமிழ்ச் சமூகம் அந்த மாதங்களின் பயத்துக்கு ஒரு பெரிய ஏற்பாடு வைத்திருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய்வீடு, தலைப்பிரசவம் அங்கேதான். அந்த ஏற்பாட்டைத் தாங்கியது பெற்றவள் வீடு நடந்தோ வண்டியிலோ போகும் தொலைவில் இருந்தது என்ற ஒரே உண்மை. கப்பலேறி வந்தவளுக்கு அது இல்லை. வளையல் போட்டார்கள், ஏழு வகைச் சோறு கட்டினார்கள். அனுப்பி வைக்கத் தாய்வீடு நாகப்பட்டினத்துக்கு அப்பால் இருந்தது. அந்த இடத்தை லயத்து மூத்த பெண்களும் கைராசி மருத்துவச்சியும் நிரப்பினார்கள். பயம் கற்பனையானதும் அல்ல. மலைச்சரிவில் காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதால், தெளிந்த ஓடைநீரில் பெருகும் மாகுலேட்டஸ் கொசு தோட்டங்களில் மலேரியாவைக் கொண்டுவந்தது. முதல் கர்ப்பத்தைத்தான் மலேரியா கடுமையாகத் தாக்கும். கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் அதனால் நேர்ந்தன. அதோடு கொக்கிப்புழு, இரண்டும் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சின. மசக்கையில் மாதக்கணக்கில் தின்னாதவள் இந்தச் சோகையைச் சந்திக்கும்போது அவளிடம் சேமிப்பு எதுவும் இல்லை. கர்ப்பச் சோகையில் ஒரு வகைக்கு இரும்புச்சத்து உதவாது என்பதையும் ஈஸ்ட் சாறு குணப்படுத்துகிறது என்பதையும் லூசி வில்ஸ் பம்பாய் ஆலைப் பெண்களிடம் ஆராய்ந்து 1931இல் எழுதினார். சென்னையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். இன்று எல்லாக் கர்ப்பிணிக்கும் தரப்படும் ஃபோலிக் அமிலம் அந்த வழியில் வந்தது. வறியவளின் வெளுத்த முகத்துக்குத் தட்டுதான் காரணம் என்பதை நிறுவிய ஆய்வு அது. ஆகவே மூன்றாம் மாதத்தையும் ஒன்பதாம் மாதத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்கிறேன்.

தோட்ட ஆஸ்பத்திரி இருந்தும் பெண்கள் போக மறுத்தார்களே, அதற்கு யாரைக் குறை சொல்வது? மறுத்தது உண்மை. போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டிரஸ்ஸர் ஆண், டாக்டர் எப்போதோ வந்துபோகும் துரை, வீட்டில் மூத்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை. சுற்றிலும் தெரிந்த முகங்கள் இருக்கும் லயத்தை விட்டு, காய்ச்சல்காரர்களும் புண்காரர்களும் கிடக்கும் கொட்டகைக்குப் போக மறுத்ததை அறியாமை என்று ஒதுக்கினால், அவள் போட்ட கணக்கை நாம் படிக்கவில்லை என்று பொருள். 1950களில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் கொண்டுவந்து, 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று கட்டியபோதும், தோட்டம் தனியார் சொத்து என்று வெளியே நின்றது. கம்பம் என்ற கிராமத்துக்கு அரசு மருத்துவச்சி சைக்கிளில் வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நிர்வாகத்தின் ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட்தான். அவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் வந்தது. 1950இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கு மேல் தாய்மார் இறந்த நாடு, நூற்றாண்டு முடிவதற்குள் அதை 50க்கும் கீழே கொண்டுவந்தது பெரும் சாதனை. கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவை ஒட்டிக்காட்டும் முறையும் அதில் பங்கு கொண்டது. தோட்டத்துப் பெண் அந்த வரிசையில் பின்னால்தான் சேர்ந்தாள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் விடுப்பு தந்தது. படி பெற, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் வேலையில் இருந்திருக்க வேண்டும். நோய் தாங்காமல் வேலையை விட்டுவிட்டு ஆறாம் மாதம் திரும்பியவளுக்கு ஒவ்வொரு நாளும் எண்ண வேண்டிய நாளாயிற்று. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டம் விடுப்பை 98 நாளாக்கியது. கர்ப்பத்தால் விளைந்த நோயால் அவதிப்படும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவது குற்றம் என்றும் சேர்த்தது. 1919இன் வாசகம் கெடாவுக்கு வந்து சேர 104 ஆண்டு. அதற்குள் பீடோங் பக்கத்துக் கித்தா மரங்கள் பெருமளவு செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டுவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு மசக்கை கடுமையானால் வேலை போகாது. ஆனால் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவளுக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள்தான். மருத்துவமனையில் கட்டில் கிடைத்தால் 60 நாள் வரை. சொட்டு மருந்து ஏற்றி மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பத்து வாரம் வாளியும் கையுமாகக் கிடப்பவளுக்குப் பதினைந்தாம் நாள் முதல் சம்பளம் இல்லை.