ஐம்பது பக்கத்தில் ஒரு சரித்திரம்



"இந்த வயதில் பொம்மைப் புத்தகமா?" என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே பதில். வீட்டில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் தமிழ் பேசும் ஷின்சானையும் டோரேமானையும் பார்ப்பது நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. அந்த இரண்டு பேரும் ஜப்பானியப் படக்கதைகளில் பிறந்தவர்கள். அந்தப் படக்கதைக்கு அங்கே 'மங்கா' என்று பெயர். உலகெங்கும் பேர்பெற்ற மங்காக்கள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஓடும் தொடர்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய, அதிகம் பேசப்படாத நான்கு சிறிய மங்கா கதைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றைப் படித்தபோது எனக்கு நம் அரியலூர் ஏன் நினைவுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் படக்கதையை 'ஒன்பதாவது கலை' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஜப்பானுக்கு வெளியே மங்கா மிக அதிகமாக விற்கும் நாடுகளில் பிரான்சும் ஒன்று. அங்கிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்த புத்தகங்கள் வழியாகத்தான் இந்தக் கதைகளின் அறிமுகம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் நமக்குப் படக்கதை புதிதல்ல. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி வீடு வீடாக நுழைந்தார். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பேருந்து நிலையக் கடைகளில் வார இதழ்களோடு அவையும் கயிற்றில் தொங்கும். பிரெஞ்சில் படித்திருந்த லக்கி லூக்கைத் தமிழில் சந்தித்தபோது எனக்குப் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்தது போல் இருந்தது. ஆனால் அந்தக் கதைகளின் நாயகர்கள் எல்லாம் துப்பறிவாளர்கள், உளவாளிகள், குதிரை வீரர்கள். நம்மைப் போன்ற சாதாரண மனிதருக்கு நேர்ந்த சரித்திரத்தைப் படக்கதையில் சொல்ல முடியும் என்று அவை எனக்குக் காட்டவில்லை. அதைக் காட்டியவை இந்தச் சிறிய ஜப்பானியக் கதைகள்.

போருக்கு முன்னும் பின்னும் ஜப்பானியத் தெருக்களில் சைக்கிளில் வந்து, மரச்சட்டத்தில் ஓவிய அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கதை சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். அதற்குக் 'காமிஷிபாய்' என்று பெயர். மிட்டாய் வாங்கும் பிள்ளைகளுக்குக் கதை இலவசம். நம் ஊர்த் திருவிழாவின் பயாஸ்கோப் பெட்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாடகைப் புத்தகக் கடைகள் பெருகின. காசு கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாத தொழிலாளிகளும் பிள்ளைகளும் அங்கே வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். ஆகவே ஜப்பானில் படக்கதை தொடக்கத்திலிருந்தே எளியவர்களின் சொத்தாக இருந்தது. சிறு கதைகள் மலிவுத் தாளில் அச்சாகி, படித்ததும் தூக்கிப் போடப்பட்டன. அவற்றுள் சில தப்பிப் பிழைத்தன.

முதல் கதை 'நான் பார்த்தேன்'. வரைந்தவர் கெய்ஜி நகசாவா. வெளிவந்த ஆண்டு 1972. ஐம்பது பக்கத்துக்குள் அடங்கும். 1945 ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளி வாசலில் வகுப்புத் தோழன் ஒருவனின் தாய் அவரை நிறுத்தி ஏதோ கேட்டிருக்கிறார். அந்த நொடியில் குண்டு வெடித்தது. பள்ளியின் சுவர் மறைத்ததால் சிறுவன் பிழைத்தான். அந்த அம்மாள் கருகிவிட்டார். அவருடைய தந்தையும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் மாண்டார்கள். கர்ப்பிணியாக இருந்த தாய் அன்றைக்கே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அந்தக் குழந்தையும் நெடுநாள் வாழவில்லை.

வளர்ந்து டோக்கியோவில் படக்கதை வரையும் தொழிலுக்கு வந்த நகசாவா, பல ஆண்டுகள் இதைப் பற்றி ஒரு கோடுகூடப் போடவில்லை. 1966இல் தாய் இறந்தார். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பல்தான் இருந்தது, எலும்பு இல்லை. அணுகுண்டின் கதிர்வீச்சு தன் தாயின் எலும்பைக்கூடத் தின்றுவிட்டது என்று அவர் கொதித்தார். அதன் பிறகே எழுதத் தொடங்கினார். 1968இல் வந்த முதல் கதையைப் பெரிய பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. ஒரு சிறிய இதழில்தான் வந்தது. பின்னால் உலகப் புகழ் பெற்ற அவருடைய நீண்ட தொடர் 'வெறுங்கால் கென்', பிரெஞ்சில் 'ஹிரோஷிமாவின் கென்', இந்தச் சிறிய கதையிலிருந்துதான் முளைத்தது. அந்தத் தொடரை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு இந்தச் சிறிய கதையே மேலானதாகப் படுகிறது. தொடரில் கதாபாத்திரங்கள் உண்டு, திருப்பங்கள் உண்டு. இதில் ஒரு சாட்சி மட்டும் நின்று தான் பார்த்ததைச் சொல்கிறார். எலும்பு பொறுக்கும் சடங்கை அறிந்த நமக்கு அந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒசாமு தெசூகாவின் 'காகிதக் கோட்டை', 1974. தெசூகா ஜப்பானியப் படக்கதையின் பிதாமகர். மருத்துவம் படித்துவிட்டு ஓவியத்தைத் தேர்ந்துகொண்டவர். மாணவப் பருவத்தில் ஒசாகாவில் போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டு, 1945 ஜூன் மாத விமானத் தாக்குதலில் தப்பியவர். இந்தக் கதையில் வரும் பையன் ஏறக்குறைய அவரேதான். அதிகாரிகளின் அடி உதைக்கு நடுவே ஒளித்து ஒளித்துப் படம் வரைகிறான். பாடகியாக விரும்பும் ஒரு பெண்ணோடு அவனுக்குச் சினேகம். குண்டுவீச்சில் அவள் முகம் வெந்துபோகிறது. போர் முடிந்ததும் அவன் இனி இஷ்டம்போல் வரையலாம் என்று குதிக்கிறான்; அவளுக்கோ மேடை இல்லாமல் போய்விட்டது. தான் பிழைத்ததற்கும் ஜெயித்ததற்கும் வெட்கப்படுகிற ஒரு பெரிய மனிதரின் குரல் இதில் கேட்கிறது.

மூன்றாவது, யோஷிஹிரோ தாத்சுமியின் 'நரகம்', 1971. பெரியவர்களுக்கான கடுமையான படக்கதைகளுக்கு 'கெகிகா' என்று 1957இல் பெயர் வைத்தவர் இவர். ஹிரோஷிமாவில் இடிபாடுகளுக்கிடையே ஒரு புகைப்படக்காரர், சுவரில் பதிந்த ஒரு நிழலைப் படம் எடுக்கிறார். தாயின் தோளைப் பிடித்துவிடும் மகன் போல அந்த நிழல் தெரிகிறது. படம் வெளியாகி நாடே உருகுகிறது. சமாதானத்துக்குச் சின்னமாகச் சிலையும் எழும்புகிறது. பிறகு ஒருவன் வந்து, அந்த நிழலில் இருப்பது பாசமல்ல, கொலை என்கிறான். மேலே சொல்லமாட்டேன். ஹிரோஷிமாவின் துயரத்தை வைத்துக்கொண்டு இப்படியும் எழுதலாமா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது புரிந்தது. ஒரு பேரழிவைப் பற்றி நாம் சௌகரியமாக நினைவில் வைத்துக்கொள்ளும் கதை வேறு, அங்கே நடந்தது வேறு என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

நான்காவது, ஃபுமியோ கோனோ என்ற பெண் ஓவியரின் 'மாலை அமைதியின் ஊர்', 2003. முப்பது பக்கம் அளவே இருக்கும். குண்டு விழுந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் தாயோடு வாழும் ஒரு இளம்பெண், செருப்புத் தேயாமலிருக்க அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குண்டு விழும் படமே பெரிதாக இல்லை. உயிர் பிழைத்தது தப்போ என்ற எண்ணம் மட்டும் அவளை விடவில்லை. கோனோ 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டைப் பார்க்காத தலைமுறை. பார்க்காதவரும் கேட்டு, விசாரித்து, நேர்மையாக வரையலாம் என்பதற்கு இது சாட்சி.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த நான்கிலும் துன்பப்படுகிறவர்கள் ஜப்பானியர்களே. ஜப்பானிய ராணுவம் பிறருக்குச் செய்தது அவற்றில் இடம்பெறவில்லை. 1942, 43இல் சயாம் - பர்மா ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் காட்டில் மடிந்தார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று அதை நாவலாக எழுதினார். அவரவர் துயரத்தை அவரவர்தான் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. மழைக்காலம், ஆற்றில் பெருவெள்ளம். பாலம் நிற்கவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள்.

இதில் நம் பாடப்புத்தகங்களும் பொது அறிவு நூல்களும் வைத்திருப்பது என்ன? ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் என்ற ஒரு வரி. சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை, அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். மகத்தான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரியலூர் என்றால் ஒரு அமைச்சரின் பெருந்தன்மை என்றாகிவிட்டது. தாத்சுமியின் சிலை எனக்கு நினைவுக்கு வந்தது இங்கேதான். அந்த இருட்டில் ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் யார்? சடலங்களை எந்த வண்டியில் ஏற்றினார்கள்? உறவினரைத் தேடி வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோப்பில் எண்ணிக்கை இருக்கும், நிவாரணத் தொகை இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு அதில் இடம் கிடையாது.

அரியலூர் தனி மாவட்டமாக மறுபடியும் அமைந்தது 2007 நவம்பர் 23. அதே தேதி. விபத்து நடந்து சரியாக 51 ஆண்டுகள்.

ஆறு வயதில் பார்த்ததை நகசாவா 33 வயதில் வரைந்தார். 1956இல் ஆறு வயதாக இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று 75ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அரியலூரில் இருக்கலாம், மருதையாற்றங்கரைக் கிராமங்களில் இருக்கலாம். ரயிலே இல்லாத பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வந்து வண்டி ஏறிய குடும்பங்களிலும் இருக்கலாம். வீட்டில் அப்பாவோ அத்தையோ சொன்னதாக ஏதாவது நினைவிருந்தால் அரைப்பக்கம் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பேரனிடம் சொல்லுங்கள். செல்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். கேட்டதைக் கேட்டதென்றும் பார்த்ததைப் பார்த்ததென்றும் பிரித்துச் சொன்னால் போதும்.

படம் வரையத் தெரிந்த பிள்ளை ஒன்று நம் பள்ளிக்கூடங்களில் எங்கேயோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் விஷயம் இருக்க வேண்டும்.