சுதந்திர தினமும் செக்ரோல் பேரும்

பெப்ரவரி 4 ஆம் திகதி காலையில் ஹட்டன் நகருக்கு வருபவர், எந்த ஆண்டில் வந்தாலும், ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காண்பார். பிரதான வீதிக் கடைகளின் முகப்பில் சிங்கக் கொடிகள் பறக்கும். பாடசாலை மாணவர்கள் பாண்ட் வாத்தியத்துடன் அணிவகுத்து வருவார்கள். கொடியேற்றம், மௌன அஞ்சலி, சமயத் தலைவர்களின் ஆசியுரை, பிரமுகர்களின் சொற்பொழிவு, பிள்ளைகளுக்குப் பாற்சோறும் இனிப்பும். மதியத்துக்குள் நகரம் வழமைக்குத் திரும்பிவிடும். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இக்காட்சியை நான் பலமுறை செய்தியாக்கியிருக்கிறேன். தலைமை தாங்கியவர் யார், கொடியேற்றியவர் யார் என்ற விபரங்களுடன் அச்செய்தி முடிந்துவிடும். அதில் எழுதாமல் விட்டதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

1960 களில் நான் படித்த தோட்டப் பாடசாலை ஒரே மண்டபம் கொண்டது. சுதந்திர தினத்துக்கு முதல் நாள் கோதுமை மாப் பசையில் கடதாசிக் கொடிகளை ஒட்டுவோம். மறுநாள் காலை ஆசிரியர் கொடியேற்றுவார்; நாங்கள் பாடுவோம்; ஆளுக்கொரு பணிஸ் கிடைக்கும். வாருங்கள் என்று அம்மாவை ஒருமுறை அழைத்தேன். கொழுந்துக் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்த அவர், "கொடி ஏத்துனா பேரு போடுவாங்களாப்பா?" என்று கேட்டார்.

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலை என்பது ஒரு "பேர்". செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். அம்மாவின் கேள்வியை அன்று வெறும் கூலிக் கணக்கு என்றே எண்ணினேன். அவர் பேர் செக்ரோலில் இருந்தது, வாக்காளர் இடாப்பில் இல்லை என்பதைப் பின்னாளில் சரித்திரம் படித்தபோதே உணர்ந்தேன்.

அந்தப் பேர் முன்பு இடாப்பில் இருந்தது. சுதந்திரத்துக்கு முந்திய 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோர் அவ்வெழுவரில் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணை நின்றன. 1948 பெப்ரவரி 4 அன்று நாடு சுதந்திரம் பெற்றபோது மலையக மக்கள் பாராளுமன்றத்தில் குரல் உள்ளவர்களாகவே அதனை வரவேற்றனர்.

அந்த நிலை ஒன்பது மாதங்களே நீடித்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 இல் அமுலுக்கு வந்தது. இங்கு பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லயன் காம்பராவில் பிறந்தவர்கள் தம் முன்னோரின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? 1949 இல் நிறைவேறிய தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. அதே ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் தொகையோ அதில் மிகச் சிறு பங்கு. 1952 இல் கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தும் பலன் தரவில்லை. பின்னர், 1977 இல் தொண்டமான் மீண்டும் வெல்லும்வரை, தேர்தல் மூலம் இம்மக்களின் பிரதிநிதி எவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தொகையாகப் பிரித்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். என்னுடன் கடதாசிக் கொடி ஒட்டிய சிலர் தலைமன்னார் கோச்சியில் ஏறிப் போய்விட்டார்கள். ஹட்டன் புகையிரத நிலையத்தில் அன்று கேட்ட அழுகுரலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

1988 ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு கண்டன. சுதந்திரம் ஹட்டனிலிருந்து லயத்துக்கு ஏறிவர 55 ஆண்டுகள் சென்றன என்பதே இதன் பொருள். அம்மா தம் வாழ்நாளின் முதல் வாக்கை 1994 பொதுத் தேர்தலில் அளித்தார். அடுத்த பெப்ரவரியில், "டவுன்ல இருந்து வரயில ஒரு கொடி வாங்கிட்டு வா" என்றார். லயத்து வாசலில் அதைக் கட்டிவிட்டு வழமைபோல் பெரட்டுக்குப் போனார். அவரிடம் நான் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

மலையக நகரங்களில் இந்த நாளை எப்படிக் கொண்டாடலாம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். கொடியும் பாண்டும் பாற்சோறும் இருக்கட்டும் என்றேன். அவற்றுடன் 1947 இல் வென்ற எழுவரின் பெயர்களை மேடையில் வாசியுங்கள். சம்பள உயர்வு கேட்டுப் போராடிய முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தனை நினைவுகூருங்கள். மேலே சொன்ன சட்டங்களை மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியிடம் முதல் வாக்கை எப்போது அளித்தார் எனக் கேட்டு எழுதி வரட்டும். தேசிய கீதத்தைத் தமிழில் பாடுங்கள். கொழும்பில் நடைபெற்ற தேசிய விழாவில் 2016 இல் தமிழில் பாடினார்கள். 2020 இல் பாடவில்லை. மலையகப் பாடசாலையில் அந்த ஏற்ற இறக்கம் வேண்டாம்.

குடியிருக்கும் லயத்துக்குக் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் இன்றும் பல உள்ளன. அதையும் அந்த மேடையிலேயே சொல்லலாம். விழாவின் மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடாது. பேர் விழாமல் போன ஆண்டுகளின் கணக்கையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது நம் மக்களின் சுதந்திர தினமாகும்.